ஐந்தே கால் கட்டை

பெட்டி இரைந்தது, அவ்வளவுதான் நடந்தது. அதற்கு மேல் அந்தச் சாயங்காலம் கூரை இடியவில்லை, யாரும் யாரையும் குத்தவில்லை. திருச்சியில் ஒரு கல்லூரியின் கலையரங்கம், ஆறு மணிக்குக் கச்சேரி, நாலரை மணிக்கு மைக் சரிபார்க்க மேடையேறிய பாட்டுக்காரி ஜெனோவா கித்தாரைத் தோளில் மாட்டிக்கொண்டு, பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் தனக்குப் பேர் வாங்கிக் கொடுத்த முதல் பாட்டை, எட்டு வருஷமாக எந்த மேடையிலும் தொடாத பாட்டை, பிள்ளைகள் ஆசையாகக் கேட்டுவிட்டார்களே என்று எடுத்தாள். ‘கம்பத்துத் தேனீ’ என்று பேர். முதல் வரி வாயை விட்டு வந்ததோ இல்லையோ, வலது கைப்பக்கம் நின்ற ஸ்பீக்கர் பெட்டியில் எர்த் சரியில்லாமல் ம்ம்ம்ம் என்று ஓர் இரைச்சல் கிளம்பியது. அந்த இரைச்சலும் அவள் குரலும் ஒட்டவில்லை. சோற்றில் கல் கடித்தது போலிருந்தது. அவள் நிறுத்தினாள். மைக்செட்காரர் தருமலிங்கம், ஐம்பது வயது, காதோரம் பென்சில், கீழேயிருந்து கையைத் தூக்கி, “ஒண்ணுமில்லம்மா, எர்த்துதான், ஆறு மணிக்குள்ள அமுக்கிடுறேன்” என்றார். அவருக்கு அது வெறும் இரைச்சல். ஜெனோவாவுக்கு அது சுருதி. அந்த இரைச்சலோடு அந்தப் பாட்டு ஒட்டாமல் போக முடியாது. பாட்டுப் பிறந்ததே அந்த இரைச்சலுக்குத்தான். பக்கத்தில் பேஸ் கித்தாரோடு நின்ற கொழுந்தன் ரொசாரியைத் திரும்பிப் பார்த்தாள். அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்பதற்குள் அவன், “சரியாத்தான் இருக்கு மதினி” என்றான். கேட்காத கேள்விக்கு எதற்கு இவன் பதில் சொல்லுகிறான் என்று அவள் மனசு அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டது.

ஒப்பனை அறை என்று அவளுக்கு ஒதுக்கியிருந்தது பௌதிக ஆய்வுக்கூடம். நீள மேசைகள், தண்ணீர் வராத குழாய், கண்ணாடி அலமாரி, சுவரில் யாரோ தாடிக்காரர் படம். கித்தாரை மேசையில் கிடத்திவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். மணி நாலு ஐம்பது. இன்னும் எழுபது நிமிஷம். அந்த இரைச்சல் சுவரைத் தாண்டி இங்கேயும் கேட்டது, அல்லது கேட்பதாகக் காது சொன்னது. எப்படி ஒட்டாமல் போகும்? தூத்துக்குடியில் அவள் பிறந்த தெருவில், அவள் படுக்கிற மாடி அறை ஜன்னலுக்கு நேரே, கைநீட்டினால் தொட்டுவிடலாம் தொட்டால் செத்துவிடலாம் என்கிற தூரத்தில் ஒரு டிரான்ஸ்பார்மர் நின்றது. அது இரைகிற இரைச்சலில்தான் அந்தத் தெருவே நடந்தது. அந்தத் தெருவில் பிறந்த பிள்ளைகள் எல்லாம் ஒரே கட்டையில்தான் அழும், மீன்காரி சூசையம்மா அதே கட்டையில்தான் கூவுவாள், நாய்கள் குரைத்தாலும் அதே இடத்திலிருந்துதான் எடுக்கும், வேறு தெருவிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த பெண்கள் ஆறே மாதத்தில் பேச்சை ஏற்றிக்கொள்வார்கள். கரண்ட் போய்விட்டால் தெரு முழுக்கச் சுருதி பிசகிப் புருஷன் பெண்டாட்டி சண்டை வரும் என்று சத்தியமே செய்வார்கள். கொழும்புக்குப் போகிற தோணிகள் மூடுபனியில் அந்த இரைச்சலை வைத்துத்தான் கரை கண்டுபிடித்தன என்று அவள் அப்பா சொன்னதை அவள் கல்லூரி போகிற வரைக்கும் நம்பியிருந்தாள், போன பிறகும் முழுசாக நம்பாமல் இல்லை. அந்த ஜன்னலோரம் கட்டிலில் சம்மணம் போட்டுத்தான் கித்தார் பழகினாள். தம்புரா கிடையாது, சுருதிப்பெட்டி கிடையாது, கம்பத்தில் உட்கார்ந்திருக்கிற அந்தக் கண்ணுக்குத் தெரியாத தேனீதான் சுருதி. அதற்கே கம்பிகளை முறுக்கினாள், அதையே கூப்பிட்டுப் பாட்டும் கட்டினாள். தெருவெல்லாம் தூங்கியாச்சு, தேனீயே, நீ மட்டும் ஏன் முழிச்சிருக்கே. அந்த ‘ஏன்’தான் பாட்டின் உச்சி. அந்த ஒரு சொல்லுக்கு ஏறிப்போய் அங்கே நின்று திரும்பிப் பார்த்தால் துறைமுகம் வரைக்கும் தெரியும். ஒரு மைக், ஒரு கித்தார், ஜன்னலுக்கு வெளியே டிரான்ஸ்பார்மர், இவ்வளவுதான் முதல் பாட்டுத் தொகுப்பு. பிறகு மெட்ராஸில் கீபோர்டுக்காரர் ஒருவர் கூட வாசிக்க உட்கார்ந்து, தட்டித் தட்டிப் பார்த்து, தலையில் கைவைத்து, “என்னங்க இது, அஞ்சு கட்டையும் இல்ல, அஞ்சரையும் இல்ல, நடுவுல நிக்குது, இந்த இடத்துல என் பெட்டியில கட்டையே கிடையாதே” என்றார். ஐந்தே கால் கட்டை என்று அவளே பேர் வைத்தாள். உலகத்தில் ஒருவருக்கும் இல்லாத கால் கட்டை தனக்கு இருக்கிறதென்று அப்போது எத்தனை கொழுப்பு.

இன்றைக்கு அந்தக் கால் கட்டையை யார் வாங்கிக்கொண்டார்கள்? முதலில் அவள் கரண்டைத்தான் சந்தேகப்பட்டாள். ஏன் கூடாது, எல்லாம் மாறுகிறது, பாலில் தண்ணீர் மாறுகிறது, ரூபாய் நோட்டு மாறுகிறது, கரண்ட் மட்டும் மாறாதா. அதிலும் இது ஆடி மாசம், தெற்கே கரண்ட் எடுக்கிற காற்றாடிகள் எல்லாம் பேய் பிடித்த மாதிரி சுற்றுகிற மாசம், சுற்றுகிற சுற்றில் கரண்டே ஓர் அரைக்கட்டை ஏறியிருக்கலாம். எழுந்து போய் வாசலில் நின்று, ஒயரை இழுத்துக்கொண்டு போன தருமலிங்கத்தைக் கேட்டே விட்டாள். “அண்ணே, இந்த இரைச்சல் ஊருக்கு ஊர் வேற மாதிரி இருக்குமா?” அவர் பென்சிலை எடுத்துக் காதைச் சொறிந்தார். “கன்னியாகுமரியில இருந்து காஷ்மீர் வரைக்கும் நொடிக்கு அம்பது சைக்கிள்தாம்மா. கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. முப்பத்திரண்டு வருசமா கேக்குறேன், என் சம்சாரம் குரல் மாறியிருக்கு, இது மாறல.” சிரித்துவிட்டுப் போய்விட்டார். அவள் சிரிக்கவில்லை. இரைச்சல் மாறவில்லையென்றால் மாறினது இன்னொன்று. திரும்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தபோது கால் இரண்டும் தண்ணீரில் நிற்கிற மாதிரி சில்லென்றிருந்தது. காதாக இருக்குமோ. நாற்பத்தொன்று ஆகிறது. போன மாசம் கப்பலிலிருந்து புருஷன் லூர்து போனில் கூப்பிட்டபோது இடது காதில் வைத்தால் ஒரு மனுஷனாகவும் வலது காதில் வைத்தால் இன்னொரு மனுஷனாகவும் கேட்டானே, அதைச் சிக்னல் என்று நினைத்தோமே. காது போனால் போகட்டும், மாதாவே, காதாகவே இருக்கட்டும், தொண்டையாக இருக்கக்கூடாது. காதுக்கு மிஷின் உண்டு. தொண்டைக்கு என்ன உண்டு, பனங்கற்கண்டு உண்டு. பனங்கற்கண்டு என்று நினைத்ததும் கன்னத்துக்குள்ளே ஒரு கட்டி இனிப்பு வந்து இடித்தது. எங்கேயோ ஒரு கல்யாண மண்டபம், கும்பகோணம், ஆமாம் கும்பகோணம்தான், உடம்பெல்லாம் காய்ச்சல், வாய்க்குள் கற்கண்டு, எதிரே ரொசாரி குனிந்து நிற்கிறான், அவனிடம் அவள் என்னவோ சொல்லுகிறாள். என்ன சொன்னாள்? கற்கண்டு இருக்கிறது, அவன் தலை இருக்கிறது, சொன்னது மட்டும் இல்லை. போகட்டும்.

ரொசாரி. அந்தப் பேருக்கே மனசு மறுபடி மறுபடி வந்து நின்றது. கித்தாருக்குச் சுருதி சேர்க்கிறது யார்? அவன். பன்னிரண்டு வருஷமாக அவன் மட்டும். அதற்கு ஒரு காரணம் உண்டு, அந்தக் காரணம் அவள் இடது கண்ணிமையில் அரை அங்குலத் தழும்பாகக் கிடக்கிறது. பாளையங்கோட்டையில் முதல் மேடை, அவளே முறுக்கினாள், இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று முறுக்கினதில் கம்பி அறுந்து பாம்பு மாதிரி வந்து இமையைக் கொத்தியது. ரத்தத்தோடே பாடி முடித்தாள், அதைப் பத்திரிகையில்கூடப் போட்டார்கள், ஆனால் அன்றோடு சரி. ரொசாரி முறுக்குவான், அவன் முறுக்குகிறபோது அவள் அந்த அறையிலேயே இருக்கமாட்டாள், வராந்தாவில் போய் நிற்பாள். வீட்டில் கிடக்கிற கித்தாரும் அவன் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து ஆறு கம்பியையும் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் இட்லிக்கு உட்காருவான். டிரான்ஸ்பார்மர் தெருவை விட்டு அவர்கள் மில்லர்புரம் பக்கம் வீடு மாறி ஒன்பது வருஷம். அங்கே கம்பமும் இல்லை, தேனீயும் இல்லை. அப்படியானால் இத்தனை வருஷமாக எது சுருதி? அவன் கட்டைவிரல்தான் சுருதி. அவன் எங்கே வைத்தானோ அங்கேதான் அவள் பாடியிருக்கிறாள். விரல்களுக்கு என்ன தெரியும், அதே இடத்தில் அழுத்தினால் அதே பாட்டு. தரையே கீழே இறங்கினாலும் நடக்கிற காலுக்குத் தெரியுமா? அடப்பாவி. அப்படியானால் இரண்டாம் தொகுப்பு? அதில்தானே குரல் ‘கனிந்திருக்கிறது’ என்று எழுதினார்கள். மூன்றாவதில் கம்பிகள் கரகரவென்று, தேய்ந்த சங்கிலி மாதிரி அதிர, அந்தக் கரகரப்புக்குத்தானே பையன்களும் பெண்களும் பைத்தியமாக அலைந்தார்கள், அவரவர் கித்தாரில் அதை வரவழைக்கப் பார்த்துக் கம்பி கம்பியாக வாங்கிப் போட்டார்கள், ஒருத்தன் கம்பியில் மெழுகு தடவியதாகக்கூடக் கேள்வி. தளர்ந்த கொடிக் கயிறு காற்றில் அடித்துக்கொள்கிற மாதிரி, தளர்ந்த கம்பிதானே அது! ‘இவர் குரல் ஒரு கிணற்றுக்குள் படி படியாக இறங்குகிறது’ என்று எழுதின விமர்சகருக்கு அவளே போன் செய்து நன்றி சொன்னாளே. ஒரு பேட்டியில், கால்மேல் கால் போட்டுக்கொண்டு, “நான் மௌனத்தை நோக்கி இறங்கிக்கொண்டிருக்கிறேன்” என்றுகூடச் சொல்லித் தொலைத்தாளே, அதைச் சட்டையில் அச்சடித்து விற்றார்களே. மௌனமாவது மண்ணாங்கட்டியாவது. ரொசாரி இறக்கியிருக்கிறான், அவள் இறங்கியிருக்கிறாள். பன்னிரண்டு வருஷத்துப் பயணம் என்று நாளைக்குப் பேப்பரில் போடப்போவது அவன் கட்டைவிரல் திருகின திருகலை.

ஏன் இறக்குகிறான்? அதுதான் விஷயம். ஷெரின் என்று ஒரு பெண், இருபத்திரண்டு வயது, குரல் என்றால் குரல், கூரைமேல் எறிந்தால் கூரை கிழியும். போன வருஷம் அவளுக்கு இரண்டு பாட்டு இவன்தான் பதிவு செய்து கொடுத்தான். அவள் பாடுகிறது என்ன கட்டை? ஐந்து. இவன் போன் இப்போதெல்லாம் முகங்குப்புறத்தான் கிடக்கிறது. அடிக்கடி ஒளிர்கிறது, எடுத்துப் பார்க்கிறான், ஒரு மாதிரி முழிக்கிறான், பதில் போடாமல் வைத்துவிடுகிறான். வைக்கிறபோது ஒருதரம் திரையில் இருந்த பேரை ஜெனோவா பார்த்துவிட்டாள்: ஷெரின். “கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்களேன் மதினி” என்று பெரிய வியாழனன்று சொன்னான். ரெஸ்ட்! மதினியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பள்ளத்தில் இறக்கி, மேலே அந்தக் குட்டியை நிறுத்தி, ஒருநாள் எல்லாருமாகச் சேர்ந்து எட்டிப் பார்த்து மண்ணைத் தள்ளுகிறது. இன்றைக்கு இந்தப் பாட்டைப் பாடச் சொன்னார்களே பிள்ளைகள், அவர்களாகச் சொன்னார்களா, இவன் சொல்லிக்கொடுத்தானா? பழைய பாட்டைப் பழைய இடத்திலிருந்து பாட வராது என்பதை நாலுபேர் முன்னால் காட்டவா? ஆனால் அப்படிக் காட்டுகிறதாக இருந்தால் ஏற்றியல்லவா வைத்திருக்க வேண்டும், இறக்கி வைத்திருக்கிறானே, அது எப்படிப் பொருந்தும்? பொருந்தவில்லை. பொருந்தாததையும் மனசு விடவில்லை. நாக்கு பல்லிடுக்கிலே போய்ப் போய் நிற்கிற மாதிரி நின்றது. கற்கண்டு. குனிந்த தலை. என்ன சொன்னோம்? இவனை இவனுடைய பதினாறு வயசிலிருந்து அவள் பார்க்கிறாள், லூர்தைக் கல்யாணம் செய்து வந்த அன்றைக்குக் கதவோரம் நின்று, “மதினி, நீங்க பாடுவீயளாமே” என்று கேட்டவன், பொய் சொன்னால் காது நுனி சிவந்துபோகிறவன். இன்றைக்கு மேடையில் அவன் காது சிவந்திருந்ததா? விளக்கு சிவப்பு விளக்கு. எல்லாமே சிவப்பாகத்தான் இருந்தது.

அப்போதுதான் கண்ணாடி அலமாரி அவள் கண்ணில் பட்டது. உள்ளே வெல்வெட் போட்ட மரப்பெட்டியில், பெரியதிலிருந்து சிறியது வரை எட்டு இசைக்கவைகள், ஸ்கூலில் பதினோராம் வகுப்பில் ரப்பர் கட்டையில் தட்டிக் காதில் வைத்துப் பார்த்த அதே இரட்டைக் கொம்பு உருப்படிகள், ஒவ்வொன்றின் காம்பிலும் ஓர் எழுத்து, ஓர் எண். அலமாரி பூட்டியிருக்கவில்லை. இதற்குக் காது வேண்டாம், யார் காதையும் நம்ப வேண்டாம் என்று மனசு சொன்னது; பிராக்டிகல் பரீட்சையில் செய்ததுதானே, கம்பியின் மேல் சின்னதாக ஒரு காகிதத்தை மடித்துக் குதிரை ஏற்றுகிற மாதிரி ஏற்றி வைக்க வேண்டும், கவையைத் தட்டி அதன் காம்பைக் கம்பி கட்டின பெட்டியில் ஊன்ற வேண்டும்; கவையும் கம்பியும் ஒரே இடத்தில் இருந்தால் யாரும் தொடாமலே கம்பி துடிக்கும், காகிதம் குதிக்கும். ஒட்டவில்லையென்றால் காகிதம் கல்லாக உட்கார்ந்திருக்கும். காகிதத்துக்கு மதினி கிடையாது, கொழுந்தன் கிடையாது. அவள் கச்சேரி நோட்டீஸின் ஓரத்தைக் கிழித்தாள், அதில் அவள் முகத்தில் பாதி வந்தது, பரவாயில்லை, மடித்து மூன்றாம் கம்பியில் ஏற்றினாள். அந்தக் கம்பிதான் டிரான்ஸ்பார்மருக்கு முறுக்கின கம்பி. G என்ற எழுத்துப் போட்ட கவையை எடுத்து முழங்காலில் தட்டிக் கித்தாரின் வயிற்றில் ஊன்றினாள். கித்தார் முழுக்க அந்த ஒலி நிறைந்தது. காகிதம் அசையவில்லை. இன்னொரு தடவை. அசையவில்லை. அதற்குக் கீழே இருந்த F கவையை எடுத்துத் தட்டினாள், ஊன்றினாள். காகிதம் முதலில் சும்மா இருந்தது, பிறகு உடம்பை ஒருதரம் நெளித்தது, பிறகு, எவனோ பின்னாலிருந்து கிள்ளிவிட்ட மாதிரி, துள்ளிக் கீழே விழுந்தது. F என்றால் நாலு கட்டை, ஐந்தே காலுக்கு ஒன்றேகால் கட்டை கீழே. பாதி முகம் மேலே தெரிய மேசையில் கிடந்தது காகிதம். அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தேகம் என்பது எவ்வளவு நல்ல விஷயம் என்று அப்போதுதான் தெரிந்தது. சந்தேகமாக இருந்த வரைக்கும் அது இல்லாமலும் இருந்திருக்கலாம்.

கதவைக் காலால் தள்ளிக்கொண்டு, இரண்டு கையிலும் காகிதக் கப்பில் டீயோடு ரொசாரி வந்தான். மணி ஐந்தரை. மேசையைப் பார்த்தான், கவையைப் பார்த்தான், விழுந்து கிடந்த காகிதத்தைப் பார்த்தான். அவனும் பதினோராம் வகுப்பு படித்தவன்தான். டீயை மெதுவாக வைத்தான்.

“எத்தன வருசமா எறக்குத, ரொசாரி?”

“எட்டு வருசம் மதினி.” காது சிவக்கவில்லை.

“யாரக் கேட்டு எறக்குன?”

“உங்களக் கேட்டுத்தான்.”

“யாருகிட்ட கத விடுத? நானா சொன்னேன்?”

“கும்பகோணத்துல. அந்தச் செட்டியார் வீட்டுக் கல்யாணம். உங்களுக்கு நூத்திரண்டு டிகிரி காய்ச்ச. வாயில கற்கண்டப் போட்டுக்கிட்டு, எம் மண்டையில குட்டி, ‘ஏல, இன்னைக்கு அந்த “ஏன்” எனக்கு எட்டாது, எறக்கி வையி, எவ்வளவு எறக்குனன்னு எங்கிட்ட சொல்லாத, தெரிஞ்சா எனக்குப் பாட வராது’ன்னிய. பொறவு என் கழுத்துல கெடந்த செபமாலையப் புடிச்சி, ‘நானா வாயத் தொறந்து ஏத்துன்னு சொல்லுத வரைக்கும் இதப் பத்தி மூச்சு விட மாட்டேன்னு மாதா மேல சத்தியம் பண்ணு’ன்னு வேற வாங்குனிய.”

அவள் வாய்க்குள் கற்கண்டு கரைந்தது. குனிந்திருந்த தலை நிமிர்ந்தது. செபமாலையின் மணி கைக்குள் உருண்டது. சொன்னாள். அவள்தான் சொன்னாள். ஒவ்வொரு சொல்லும் அவள் சொல்தான், ‘மூச்சு விட மாட்டேன்’ என்கிறதுவரை.

“அன்னைக்கு ஒரு நாளைக்குத்தானல சொல்லியிருப்பேன்!”

“ஒரு நாளைக்குன்னு நீங்க சொல்லல. நானும் அடுத்த கச்சேரிக்குக் கேப்பிய, அடுத்த கச்சேரிக்குக் கேப்பியன்னு பாத்தேன். நீங்க என்ன செஞ்சிய? அந்தப் பாட்டையே விட்டுட்டிய.”

“அன்னைக்கு எறக்குனது எவ்வளவு?”

“அரைக்கட்ட.”

“மிச்சம் முக்கால்?”

அவன் டீயில் மிதந்த ஏட்டை விரலால் எடுத்துச் சுவரில் தடவினான். “மேல ஏறுத எடத்துல நீங்க ஒருதரம் கண்ண மூடுவிய. கண்ண மூடி, இடது தோளத் தூக்குவிய. அத நான் பாத்தேன்னா, அடுத்த ஞாயித்துக்கெழம ஒரு மயிரிழ எறக்குவேன். பொறவு தோளு எறங்கிரும். பொறவு கொஞ்ச மாசம் கழிச்சுத் தூக்குவிய. நானா ஒண்ணும் பண்ணல மதினி. உங்க தோளு சொல்லிச்சு, செஞ்சேன்.”

“ஷெரினுக்கும் இப்பிடித்தான் தோளப் பாத்துப் பண்ணுதியோ?”

“அந்தப் புள்ள ஒரு வருசமா என் உயிர எடுக்கு. ‘உங்க மதினி கித்தாருல அந்தக் கரகரப்பு எப்பிடி வருது, சொல்லுங்க சொல்லுங்க’ன்னு நித்தம் மூணு மெசேஜ். கம்பி தளந்து போச்சுன்னு எப்பிடிச் சொல்லட்டும்? சத்தியம் பண்ணியிருக்கேம்லா. வாசிச்சிட்டுக் கவுத்தி வச்சிருதேன்.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது, வந்த சிரிப்பு பாதி வழியில் நின்றுவிட்டது. இவன் பேரில் இருந்த சந்தேகம் முழுக்கப் போய்விட்டது, போனது வெளியே போகவில்லை, வீட்டுக்குள்ளேயே வேறு அறைக்குப் போனது. அந்தப் பாட்டை ஏன் விட்டாள்? பழசாகிப் போச்சு, நான் அதைத் தாண்டி வந்துட்டேன் என்று பேட்டியில் சொன்னாளே, அதைச் சொல்லுகிறபோது தோள் தூக்கியிருந்ததா? தெரிந்துதானே விட்டாள். எல்லாம் தெரிந்த எவளோ ஒருத்தி எட்டு வருஷமாக உள்ளே உட்கார்ந்துகொண்டு, வெளியே இருக்கிறவளுக்கு மூச்சு விடாமல், அவளும் யார் தலையிலோ அடித்துச் சத்தியம் செய்துகொடுத்த மாதிரி வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறாள். மௌனத்தை நோக்கி இறங்குகிறேன் என்றது அவள்தான் போலும். அவளை எப்படி நம்புகிறது? இப்போதுகூட, முடியும் ஏத்து என்று ஒருத்தி சொல்லுகிறாள், வேண்டாம் இருக்கிறபடி இருக்கட்டும் என்று ஒருத்தி சொல்லுகிறாள், இதில் எவள் வீம்புக்காரி, எவள் பயந்தாங்கொள்ளி? வெளியே பிள்ளைகள் வந்து நாற்காலி இழுக்கிற சத்தம். அவர்கள் கேட்டது அந்த ‘ஏன்’. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர்களுக்கு ஏழெட்டு வயசு இருக்கும்; யார் வீட்டு மாடியிலோ யாருடைய அக்காவோ போனில் போட்டிருப்பாள்.

“ஏத்தவா மதினி?” என்றான் ரொசாரி. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு கேட்டான். எட்டு வருஷமாக இந்தக் கேள்விக்காக இவன் வாய் அரித்திருக்கும்.

கித்தாரை எடுத்து மடியில் வைத்தாள். அவன் பழக்கப்படி கதவைத் திறந்துவிட்டான், அவள் வராந்தாவுக்குப் போகட்டும் என்று. அவள் போகவில்லை. மூன்றாம் கம்பியின் சாவியில் தன் கட்டைவிரலை வைத்தாள். இமைத் தழும்பு தானாகத் துடித்தது. முகத்தை ஒருபக்கமாகத் திருப்பிக்கொண்டு, வெடி கொளுத்துகிறவள் மாதிரி கையை மட்டும் நீட்டி, ஒரு திருகு. கம்பி முனகியது. இன்னொரு திருகு. வாய்க்குள் ‘ஏன்’ என்று மெல்லச் சொல்லிப் பார்த்தாள், எட்டியது. இன்னொரு திருகு, ‘ஏன்’, எட்டியது, தோள் லேசாக அசைந்தது. எதிரே நின்றவன் கண் தோளுக்குப் போனதை அவள் கடைக்கண்ணால் பார்த்தாள். “தோளப் பாக்காத, பரதேசி” என்றாள். அவன் சட்டென்று தாடிக்காரர் படத்தைப் பார்த்தான். இன்னும் ஒரு அரைத் திருகு, அதற்குமேல் விரல் நின்றுவிட்டது. கம்பி அறுந்துவிடும் என்றா, தொண்டை சொல்லிற்றா, உள்ளே இருந்தவள் கையைப் பிடித்தாளா, அதை மட்டும் அவளால் கடைசி வரை நிச்சயம் செய்ய முடியவில்லை. நாலே முக்கால் இருக்கலாம். ஐந்து இல்லை. ஐந்தே கால் இல்லவே இல்லை. ஆனால் நாலும் இல்லை. எந்தக் கீபோர்டிலும் கட்டை இல்லாத இடம்தான் மறுபடியும். மற்ற ஐந்து கம்பிகளையும் அதற்குச் சேர்த்தாள், ஒவ்வொன்றுக்கும் முகத்தைத் திருப்பிக்கொண்டு. ஒன்றும் அறவில்லை.

“நீ இதுக்கு வா” என்றாள். ரொசாரி மேடையிலிருந்து பேஸை எடுத்துவந்து காதைச் சாய்த்துக்கொண்டு, மேலே ஏறி ஏறி, வந்து சேர்ந்தான். அவள் டீயைக் குடித்தாள், ஆறிப்போயிருந்தது.

வாசலில் தருமலிங்கம் தலையை நீட்டினார். சட்டையெல்லாம் நனைந்திருந்தது. “அம்மா, அஞ்சு அம்பது. எர்த்தை அமுக்கிட்டேன். ஒரு பொட்டுச் சத்தம் இல்ல, வந்து கேளுங்க, கோயில் மாதிரி இருக்கு.”

“அண்ணே, அந்த இரைச்சல மறுபடி போட முடியுமா?”

அவர் ரொசாரியைப் பார்த்தார். ரொசாரி தாடிக்காரரையே பார்த்துக்கொண்டிருந்தான். “எதை?”

“அந்த ம்ம்ம்ம். முதல் பாட்டுக்கு மட்டும் போதும்.”

“ஒண்ணேகால் மணி நேரமா மேடைக்கடியில தவழ்ந்து தவழ்ந்து போக்கினேன்மா அதை! முழங்கால் தேஞ்சு போச்சு.” பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார், திரும்ப வைத்தார். “சரி, உங்க பாட்டுக்கு அது ஒட்டுமா? அதையாவது சொல்லுங்க.”

“ஒட்டாது” என்றாள் ஜெனோவா, கித்தாரைத் தோளில் மாட்டியபடி. “ஒட்ட வேண்டாம். அது அங்கயே நிக்கட்டும். நான் எங்க நிக்கேன்னு எனக்குத் தெரியணும்லா.”

தருமலிங்கம் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பாட்டுக்காரர்களைப் பற்றி முப்பத்திரண்டு வருஷமாக அவருக்கு இருந்த சந்தேகம் அன்றைக்குத் தீர்ந்துபோன மாதிரி இருந்தது அவர் முகம். போய்விட்டார். மேடைக்குப் பின்னால் இருட்டில் மதினியும் கொழுந்தனும் நின்றார்கள். அந்தப் பக்கம் பிள்ளைகள் இருமினார்கள், யாரோ விசிலடித்தான். ஏதோ ஓர் ஒயரை யாரோ பிடுங்கினார்கள். ம்ம்ம்ம் என்று அது வந்தது, அதே பழைய கம்பத்தில் அதே பழைய இடத்தில் உட்கார்ந்துகொண்டு. அவள் கட்டைவிரலால் மூன்றாம் கம்பியைத் தட்டினாள். அரைக்கட்டை மேலே அது, கீழே இவள். இரண்டும் பல் கூசும்படி உரசிக்கொண்டன. அவள் சாவியைத் தொடவில்லை.